எட்டுக்குப் பத்தில் என் மச்சான்

என் மச்சான் செத்துவிட்டான் என்று முதலில் முடிவுகட்டியது நான்தான். ராணுவம் சொல்லவில்லை, டிவி சொல்லவில்லை, கிளி ஜோசியக்காரன்கூடச் சொல்லவில்லை. டீக்கடை டிவியில் ஒரு கேட்டைக் காட்டினார்கள். கேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு பீரங்கிகள். அதைப் பார்த்தேன், மச்சான் போய்விட்டான் என்று நம்பினேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்த நம்பிக்கையைக் கைவிட்டு, அதைவிடக் கேவலமான இன்னொன்றை நம்பினேன். ஒரே ஆளைக் காலையில் தியாகியாகவும் மாலையில் கொலைகாரனாகவும் ஆக்குவது செய்திச் சேனல்களுக்குத்தான் கைவந்த கலை என்பார்கள். கையில் மைக் கூட இல்லாமல் தனி ஆளாக நான் செய்து காட்டினேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அம்மையார்குப்பத்தில் விசைத்தறிக்குப் பக்கத்திலேயே பிறந்து, விசைத்தறிக்குப் பக்கத்திலேயே தூங்கி வளர்ந்தவன். தறி ஓடினால் தூங்குவான், நின்றால் முழித்துக்கொள்வான். ராணுவத்தில் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டால் நான் 'வடக்கே' என்பேன். என் பூகோளத்தில் திருப்பதியைத் தாண்டினால் எல்லாமே வடக்குதான். அங்கே பனி பெய்யும், ஆப்பிள் காய்க்கும், யாரோ யாரையோ சுடுவார்கள்.

நான் திருத்தணியில், மலைக்குப் போகிற ரோட்டில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு டாக்டர் சான்றிதழ் முக்கியமில்லை, பேனர்தான் முக்கியம். பஸ் நிலையத்துக்கு எதிரே சிரித்த முகத்தோடு எட்டுக்குப் பத்தடியில் தொங்கினால்தான் செத்ததாக ஊர் ஒத்துக்கொள்ளும். பேனர் வராத சாவை யாரும் நம்புவதில்லை. பேனர் வந்துவிட்டாலோ, செத்தவரே நேரில் வந்து மறுத்தாலும் எடுபடாது. இவ்வளவு அதிகாரத்தை ஒரு கோமாளியின் கையில் ஊர் கொடுத்து வைத்திருந்தது.

கோமாளி என்று சும்மா சொல்லவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் ஜோக் வரும். சாவு வீட்டுக்காரர் அழுதுகொண்டே போட்டோவை நீட்டினால், 'உயிரோட இருக்கும்போது இந்தளவு சிரிச்சாரா?' என்று கேட்டு, அவர்களையும் சிரிக்கவைத்து அனுப்புகிறவன். அது ஒரு திறமை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திறமையை மச்சானிடமும் காட்டியிருந்தேன். அந்த நாளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவன் என் போனுக்குக் கூப்பிட்டான். வழக்கமாக அக்காவுக்குத்தான் கூப்பிடுவான். அன்றைக்கு எனக்கு. அக்கா புருஷனை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"பாவா, தூக்கம் வர்ல பாவா. படுத்தா நெஞ்சு மேல எவனோ குந்திகினு கீற மாரி கீது."

"மலப்படிய எண்ணுடா. முன்னூத்தி அறுபத்தஞ்சு. பாதிக்கு மேல எவனும் முழிச்சுகினு இருந்ததில்ல."

"எண்ணிட்டேன் பாவா. மேல போயி சாமி கும்புட்டு, எறங்கியும் வந்துட்டேன்."

"அப்ப மேல போனதுக்கு ஒரு மொட்டையும் போட்டுக்க. மண்டைக்குக் காத்து போனா தூக்கம் தன்னால வரும்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்தில் பேனர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா பாவா அது சத்தம், தறி மாரி கீது," என்றான். "மெஷின்டா, காவடிக்காரங்க பேனரு," என்றேன். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் "சரி பாவா" என்று வைத்துவிட்டான். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அவனிடமிருந்து போன் இல்லை. நாங்கள் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். ஆடி மாசம். கிருத்திகைக்கு நாலு நாள் இருந்தது. ரோடு முழுக்க மஞ்சள் வேட்டி, அரோகரா. டீக்கடையில் நின்றபடி வடையைப் பிய்க்கிறேன், டிவியில் சிவப்பு எழுத்து ஓடுகிறது: ராணுவ முகாமில் துப்பாக்கிச் சூடு, வீரர்கள் பலி. ஒரு சேனலில் மூன்று பேர், அடுத்ததில் ஐந்து பேர், அதற்கடுத்ததில் விளம்பரம். பிறகு அந்தக் கேட். இரண்டு பீரங்கி, வெள்ளையடித்த கல் வரிசை.

அதே கேட்டின் முன்னால் மச்சான் நின்று எடுத்த செல்ஃபி என் போனில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு பீரங்கி, வெள்ளையடித்த கல். பிய்த்த வடையைத் தட்டிலேயே போட்டேன்.

டீக்கடை அதற்குள் போர் தொடுத்திருந்தது. "ஒரு மணி நேரம் என் கைல நாட்டக் குடுக்கட்டும், எதிரிய மேப்புலயே இல்லாம பண்றேன்," என்றார் ஒருவர். கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிறவர் அவர். இன்னொருவர் டீயைக் கீழே வைக்காமலேயே எழுந்து நின்று மௌன அஞ்சலி செய்தார். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடைக்கு வந்தேன். வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. கம்ப்யூட்டரைத் திறந்து, மச்சானின் யூனிஃபார்ம் போட்டோவைப் போட்டு, எட்டுக்குப் பத்து என்று அளவு வைத்து, 'வீர வணக்கம்' என்று அடித்தேன்.

ஏன் செய்தேன் என்று என் மனைவி இன்றுவரைக்கும் கேட்கிறாள். நான் செய்யாவிட்டால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்காரன் செய்வான். அவன் எல்லாச் சாவுக்கும் கிளிப்பச்சை பார்டர் போடுவான். என் மச்சானுக்குக் கிளிப்பச்சை பார்டரா என்று தோன்றியது. அந்த நேரத்தில் எனக்கிருந்த ஒரே தெளிவான துக்கம் அதுதான்.

மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கிக்கொண்டிருக்கும்போது வியாபாரிகள் சங்கத் தலைவர் உள்ளே வந்தார்.

"இன்னா ஃப்ளெக்ஸு, நம்ம ஜவானுங்களுக்கு அர்ஜெண்டா ஒரு வீர வணக்கம் அடிக்கணும். என் பொறந்த நாளுக்கு ஒரு போட்டோ வச்சியே, கூலிங்கிளாஸு, அத்தப் போடு. கீழ சின்னதா ஒரு மெழுகுவத்தி." ஸ்க்ரீனைப் பார்த்தார். "யாருப்பா இது? உங்க மச்சான் மாரி கீது?"

சும்மா டிசைன் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "ஆங்" என்றேன். அந்த ஒரு சொல்தான். ஊரில் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் விதை அது.

"அட முருகா!" என்று நெஞ்சில் கை வைத்தார். நிஜமாகவே கண் கலங்கினார். அதே கண்ணில் வேறொரு வெளிச்சமும் வந்தது. ஊர்ப்பேர் தெரியாத ஜவான்களுக்குப் பேனர் வைப்பது ஒன்று, நம்ம ஊர்க் கடைக்காரனின் மச்சானுக்கே வைப்பது வேறொன்று. ஸ்க்ரீனைப் போனில் போட்டோ எடுத்தார். "நீ இந்த நெலமையில எப்டிப்பா பேனர் அடிப்ப? நான் வேற கடையில பாத்துக்கறேன். நீ அழு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் போனில் சங்கத்தின் வாட்ஸப் குரூப் சலசலத்தது. கும்பிட்ட கைகள், அழுகிற முகங்கள், தேசியக் கொடிகள். நடுவே ஒருவர் தவறுதலாகப் பிறந்தநாள் கேக்.

வீட்டுக்குப் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் சொல்லவில்லை, செய்தி நடந்து போனதைவிட நாற்காலி வேகமாகப் போயிருந்தது. என் மனைவி கையில் கரண்டியோடு நாற்காலிக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அவள் என்னைப்போல் ஆள் இல்லை, கேள்வி கேட்கிறவள்.

"யார் சொன்னாங்க உனுக்கு?"

"டிவி."

"டிவில பேர் சொன்னானா?"

"இல்ல."

"மிலிட்டரிலேர்ந்து போன் வந்துதா?"

"இல்ல."

"அப்புறம் எப்டித் தெரியும்?"

"கேட்டு."

"கேட்டா?"

"ரெண்டு பீரங்கி…"

அவள் என்னையே பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அடிப்பதற்குக் கரண்டி போதாது என்று வைத்தாளா, அழுவதற்காக வைத்தாளா தெரியவில்லை. "ரெண்டு பீரங்கியப் பாத்து எந்தம்பியக் கொன்னுட்டியாய்யா?" என்றாள். என்னை அவள் 'யா' போட்டுப் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "இன்னும் எங்கம்மாவுக்குத் தெரியாது. தெரியறதுக்குள்ள அந்த போட்டோவ நிறுத்து. ஓடு."

ஓடினேன். அந்த ஓட்டத்தால் பயனில்லை. என் மாமியார் அன்றைக்கென்று பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். மகனுக்காகக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். காவடிக்கு வேண்டிய சாமான் வாங்க வருவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார், நான்தான் மறந்துவிட்டேன். பஸ் நிலையத்தில் இறங்கினார், நிமிர்ந்து பார்த்தார். கிளிப்பச்சை பார்டருக்குள் அவர் பிள்ளை.

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது அவர் பேனருக்குக் கீழே கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் அவர் விழப்போகிறார் என்று கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் விழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, எம்புள்ள போட்டோவ விட அந்தாளு போட்டோ இன்னாத்துக்குப் பெருசா கீது?"

கூலிங்கிளாஸ் போட்ட தலைவரைத்தான் சொன்னார். "அத்த, இது இன்னும் உறுதியாவல," என்றேன். "உறுதியாவாம ஏன் தொங்குது?" என்றார்.

அவரைக் கடைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். சேதி கேட்டு மனைவியும் வந்துவிட்டாள். அம்மாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது டீக்கடைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கிரிக்கெட்டில் எதிர்பார்த்த ஆள் அவுட் ஆகும்போது வருமே, அந்த மாதிரி.

செய்தி மாறியிருந்தது. சுட்டது எதிரி இல்லையாம். உள்ளே இருந்த ஒரு வீரனே கூட இருந்தவர்களைச் சுட்டிருக்கிறான். பிடித்துவிட்டார்கள். பேர் சொல்லவில்லை.

பத்து நிமிடத்தில் பேனர் இறங்கியது. வைக்க ஏணி, ஆள், தேங்காய் எல்லாம் வேண்டியிருந்தது. இறக்க யாருக்கும் ஏணிகூடத் தேவைப்படவில்லை. தலைவர் தூரத்திலிருந்தே எனக்குக் கை காட்டினார், 'அப்புறம் பேசலாம்' என்பதுபோல. குரூப்பில் கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அந்தப் பிறந்தநாள் கேக் மட்டும் அழியவில்லை.

டீக்கடை ஒரே மூச்சில் போர்முனையிலிருந்து மனோதத்துவத்துக்கு மாறியது. ஒருவர் குடி என்றார். ஒருவர் பொண்டாட்டித் தகராறு என்றார். ஒருவர் செல்போன் கேம் என்றார். "லீவு குடுத்திருக்க மாட்டாங்க," என்று மெல்லிய குரலில் ஒருவர் சொன்னார்; சுவாரசியமில்லாத காரணம் என்பதால் அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எதிரி நாட்டை அழித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, உங்க மச்சான் எப்டி? கோவக்காரனா?"

அவ்வளவுதான். என் தலைக்குள் ஒரு பல்லி விழுந்தது. நெஞ்சு மேல எவனோ குந்திகினு கீறான். தூக்கம் வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. அவன் செத்திருக்கிறான் என்று நம்பியபோது எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவன் சுட்டிருக்கிறான் என்று நம்பியபோது வேர்த்தது. அழுகையைவிட வேர்வைதான் சீக்கிரம் வந்தது என்பதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கடைக்கு எதிரே ஒரு ஏடிஎம். அதற்குக் காவல் இருப்பவர் பழைய ராணுவக்காரர். ஊரே அவரை மிலிட்டரி என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், மற்ற நாளெல்லாம் அந்த ஸ்டீல் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பார். எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அவரே ரோட்டைத் தாண்டி வந்தார். போனில் இருந்த செல்ஃபியைக் காட்டினேன்.

"எல்லா கேம்ப் கேட்டும் இப்டித்தான் இருக்கும், ஃப்ளெக்ஸு. பீரங்கி வைக்காத கேட்டு எங்கியும் கெடையாது. ஆர்மி நம்பர் தெரியுமா அவன்து?"

நான் விழித்தேன். மாமியார் தலையை நிமிர்த்தாமலேயே நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தினமும் விளக்கேற்றும்போது பேர், நட்சத்திரத்தோடு அதையும் சேர்த்துச் சொல்வாராம், சாமிக்கு ஆள் அடையாளம் தவறக் கூடாது என்று.

மிலிட்டரி தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பேசினார். அவர் வேறொருவருக்குப் பேசினார். முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. மிலிட்டரி போனை வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்து, "உயிரோட கீறான்மா. ஆனா இப்ப யூனிட்ல இல்லியாம். காலைல அவனே பேசுவான்னு சொன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க," என்றார்.

மாமியார் அப்போதுதான் அழுதார். மனைவியும் அழுதாள். உயிரோடு இருக்கிறான் என்று கேட்டு அவர்கள் அழ, யூனிட்டில் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நழுவினேன். யூனிட்டில் இல்லையென்றால் எங்கே? ஜெயிலில். பேர் சொல்லாத அந்த ஒருவன் எங்கள் ஆள்தான். நாளைக்குப் போலீஸ் வரும், டிவி வரும், 'இவர்தான் கடைசியாகப் பேசிய மாமா' என்று என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவார்கள். என் டிராயர் பையில் மச்சான் கொடுத்த சாவிக்கொத்து இருந்தது. சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் குப்பியைக் கோத்துச் செய்தது. இரண்டு வருடமாகப் பெருமையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அது தொடையில் சுட்டது.

நேராகச் சரவணப் பொய்கைக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர் ஏதோ பெரிய காணிக்கை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அரோகரா" என்றார். நானும் "அரோகரா" என்றேன். சாட்சியத்தை அழித்த நிம்மதியோடு கரையேறி, பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது: கடைச் சாவியும் அதில்தான் இருந்தது.

கடை வாசலுக்கு வந்தபோது மனைவி ஷட்டரை இழுத்துப் பூட்டைப் போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தாள். அழுத்தினால் பூட்டிக்கொள்கிற பூட்டு. ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்தேன். மிலிட்டரி ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாவிக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பிறகு அந்தப் போன் கதையையும் சொன்னேன். மலைப்படி, மொட்டை எல்லாம். அதற்கும் சிரிக்கவில்லை.

"எனுக்கும் ஒருவாட்டி வந்துது," என்றார். "பன்னெண்டு நாளு தூக்கமில்ல. லீவு கேட்டேன், அப்புறம் பாக்கலாம்னாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் கொறட்ட விடுவான். நல்லவன்தான். அந்தக் கொறட்டய நிறுத்தணும்னு தோணிச்சு. எப்டின்னு கேக்காத."

"அப்புறம் இன்னா சார் ஆச்சு?"

"அவனே முழிச்சுகினான். இன்னாடா குந்திகினு கீறன்னு கேட்டான். தூக்கம் வர்லடான்னு சொன்னேன். எழுந்து டீ போட்டான். விடியற வரைக்கும் அவன் ஊட்டு எருமையப் பத்திப் பேசிகினே இருந்தான்." கப்பைத் திருப்பிக் கவிழ்த்து உதறினார். "இப்பவும் பொங்கலுக்குப் போன் பண்றான். அன்னிக்கு எவ்ளோ கிட்ட இருந்தோம்னு அவனுக்குத் தெரியாது."

அவர் எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"இன்னிக்கு டிவில சொன்னாங்களே, அவனும் எவனுக்காச்சும் போன் பண்ணிதான் இருப்பான், ஃப்ளெக்ஸு. அந்தாண்ட எடுத்தவன் இன்னா சொன்னானோ."

நாற்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஜோக் வரவில்லை. தேடிப் பார்த்தேன். இல்லை.

மறுநாள் காலை நாங்கள் மூவரும், பூட்டு உடைக்கிறவரும், மூன்று காவடிக் குழுவும் கடை வாசலில் கூடியிருந்தோம். காவடிக்காரர்களுக்கு அவர்கள் பேனர் வேண்டும். என் மச்சான் உயிரோடு இருக்கிறானா, சுட்டானா என்பதெல்லாம் கிருத்திகைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாமியார் முந்தின நாள் இறக்கிய பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். எங்கே கண்டெடுத்தார் என்று கேட்கத் தைரியமில்லை. பூட்டின் மேல் முதல் அடி விழும்போது என் போன் அடித்தது.

"பாவா."

பூட்டுக்காரரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். அவர் நிறுத்தவில்லை.

"பாவா, நான் செத்துட்டனாமே? இப்பத்தான் போன் கைக்கு வந்துது. ஆன் பண்ணா நூறு பேரு கும்புட்டுகினு கீறாங்க. கூடப் படிச்சவன் போட்டோ அனுப்பி கீறான். எனுக்கு ஏன் பாவா கிளிப்பச்ச பார்டரு?"

"அது நான் அடிச்சது இல்லடா," என்றேன். அதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது. பிறகு, "நீ எங்கடா கீற?" என்றேன்.

"ஆஸ்பத்திரில பாவா. மிலிட்டரி ஆஸ்பத்திரி. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. தூங்க வெக்கறாங்க. அந்த கேம்ப் வேற பாவா. எங்க கேம்புக்கும் அதுக்கும் ரொம்ப தூரம். நேத்து வார்டுல டிவி ஓடிச்சு. யாரும் ஒண்ணும் பேசல. நர்ஸக்கா வந்து ஆஃப் பண்ணிட்டாங்க."

"டேய், அன்னிக்கு நான் அந்த மலப்படி…"

"அத்த விடு பாவா. அத்தத்தான் எண்ணிகினு இருந்தேன் ஒம்பது நாளும்."

மாமியார் என் கையிலிருந்து போனை வாங்கினார். "சாப்ட்டியா நைனா?" என்றார். அப்பாவைக் கூப்பிடும் சொல்லால்தான் அவர் மகனைக் கூப்பிடுவார். அவன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. "தூக்கம் வர்லன்னா எனுக்குப் போன் பண்ணு. தறிய ஓட்டி, போன பக்கத்துல வெக்கறேன். உங்க பாவாவுக்குப் பண்ணாத," என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நேற்றைய 'யா' இன்னும் பாக்கி இருந்தது.

பூட்டு உடைந்தது. காவடிக்காரர்கள் உள்ளே போனார்கள். பேனரை மாமியார் ஊருக்கு எடுத்துப்போய், தறிக் கொட்டகைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில், தலைவரின் கூலிங்கிளாஸ் மழையைப் பார்க்கும்படி விரித்துக் கட்டிவிட்டார். மச்சானின் முகம் இருந்த பாகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்.

மச்சான் அடுத்த மாதம் லீவில் வந்தபோது, என் கடையில் மெஷின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, நடந்ததை அவனே சொன்னான். அந்தச் செய்தி டிவியில் வருவதற்குப் பதினொரு நாள் முன்பு, காலையில் டூட்டிக்குப் போகிற நேரத்தில், அவன் தன் மேலதிகாரியின் அறைக்குப் போனான். துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். "ஒன்பது நாளாகத் தூங்கவில்லை சார். இதை என்னிடம் கொடுக்காதீர்கள்," என்றான். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.